தேங்காய்ப்பாலில் ரோரோ: இலையின் பதமும் பால் சேர்க்கும் நேரமும்

கேள்வி: சுவாவாசி

அனைவருக்கும் வணக்கம். கணவரின் வேலையை முன்னிட்டு நாங்கள் பிஜித் தீவுகளின் தலைநகரான சுவாவில் குடியிருக்கிறோம். பக்கத்து வீட்டிலுள்ள பூர்வகுடிப் பிஜியர் குடும்பத்தினர், ஞாயிறன்று தேவாலயத்திலிருந்து திரும்பியதும் உண்ணும் மதிய விருந்திலிருந்து எங்களுக்கென்று ஒரு கிண்ணம் ரோரோவைத் தனியே எடுத்துக் கொடுத்தனுப்புவது வழக்கமாகிவிட்டது. இங்கே டாலோ என்று அழைக்கப்படும் சேப்பங்கிழங்குச் செடியின் இளம் இலைகளைக் குழைய வேகவைத்து, வெங்காயமும் உப்பும் சேர்த்து, லோலோ எனப்படும் தேங்காய்ப்பாலை ஊற்றி இறக்கும் எளிய கறிதான் அது. நாங்கள் சைவம் என்பதால் எங்கள் பங்கில் மீனோ டின் இறைச்சியோ சேர்ப்பதில்லை.

வரும் ஞாயிறு அவர்களை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட அழைத்திருக்கிறோம். நம் சமையலுடன் ரோரோவையும், முடிந்தால் தேங்காய்ப்பாலை இதே இலையில் பொதிந்து வேகவைக்கும் பாலுசாமியையும், அவர்களுடைய முறையிலேயே செய்து பரிமாற வேண்டும் என்பது என் விருப்பம். அந்த வீட்டு அம்மாளிடமே கேட்கலாமே என்று சிலர் எண்ணலாம். கேட்டால் அவரே சமைத்து எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். ஆகவேதான் இங்கே கேட்கிறேன்.

எனக்குத் தெளிவு வேண்டிய இடங்கள் இவை. சந்தையில் கட்டுக் கட்டாக விற்கும் இலைகளில் எதைத் தேர்ந்தெடுப்பது? தொண்டை நமைச்சல் இல்லாமல் இருக்க இலையை எவ்வளவு நேரம் வேகவைக்க வேண்டும், அந்த நீரை வடித்துவிட வேண்டுமா? தேங்காய்ப்பாலைத் தொடக்கத்திலேயே ஊற்றுவதா, கடைசியில் ஊற்றுவதா? கடுகு, கறிவேப்பிலை தாளித்துக் கொட்டினால் சுவை கூடுமா, அல்லது பதார்த்தமே வேறாகிவிடுமா?

பதில்: அடுக்களைக் குறிப்புகள்

சகோதரிக்கு வணக்கம். சுவாவில் நெடுங்காலம் பணியாற்றியவன் என்ற முறையில், அங்குள்ள நண்பர்களின் அடுக்களையில் பார்த்தும் கூடமாட உதவியும் கற்றதைச் சொல்கிறேன்.

முதலில் இலை. சனிக்கிழமை காலையிலேயே சுவா நகரச் சந்தைக்குச் சென்றுவிடுங்கள். ஞாயிறு விருந்துக்காக எல்லோரும் அன்றுதான் வாங்குவார்கள் என்பதால் முற்பகலுக்குள் நல்ல கட்டுகள் தீர்ந்துவிடும். கறிக்கு உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய, முழுமையாக விரிந்தும் விரியாமலும் இருக்கும் இளம் இலைகள்தாம் ஏற்றவை. இலையை மடக்கிப் பார்த்தால் துணிபோல் மடங்க வேண்டும். நரம்பு மளுக்கென்று ஒடிந்தால் அது முற்றிய இலை. முற்றியது வேக நேரம் எடுக்கும் என்பதோடு, வெந்த பிறகும் நார் நாராக வாயில் நிற்கும். ஐந்தாறு பேருக்கு அரைக் கிலோ இலை வாங்குங்கள். பார்ப்பதற்கு ஒரு கூடை நிறைய இருக்கும், வெந்ததும் இரண்டு கை அளவுக்குச் சுருங்கிவிடும்.

காம்பை இலையோடு ஒட்டி நறுக்கி எடுத்துவிட்டு, இலையின் பின்புறத்தில் தடித்துத் தெரியும் நடுநரம்பின் மேல்தோலைக் கத்தி முனையால் உரித்துவிடுங்கள். கையில் சிறிது எண்ணெய் தடவிக்கொண்டு செய்தால் விரல்கள் அரிக்காது. பிறகு இலைகளை அடுக்கிச் சுருட்டி, விரல் அகலத்துக்கு நறுக்கலாம். சிலர் கையாலேயே கிழித்துப் போடுகிறார்கள்.

பாத்திரத்தில் இலை மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் கொதித்த பிறகே இலையைப் போடுங்கள். இளம் இலையென்றால் அரை மணி நேரம், சற்று முற்றியதென்றால் முக்கால் மணி நேரம், மிதமான தீயில் கொதிக்க வேண்டும். கரண்டியால் அழுத்தினால் இலை உருவம் இழந்து மசிய வேண்டும். பசுமை போய்விடுமே என்று பாதியில் இறக்குவதுதான் புதிதாகச் சமைப்பவர்களுக்கு வரும் சபலம். நம் கீரைகளுக்குப் பொருந்தும் அந்தக் கவலை இந்த இலைக்குப் பொருந்தாது. இது கரும்பச்சையாக, கிட்டத்தட்ட ஆலிவ் நிறத்துக்கு மாறினால்தான் வெந்ததாகப் பொருள். முதல் நீரை வடித்துக் கொட்டிவிடுவதே என் வழக்கம். வடித்த இலையை மறுபடியும் பாத்திரத்தில் இட்டு, நீளவாக்கில் அரிந்த பெரிய வெங்காயம் ஒன்று, தட்டிய பூண்டு இரண்டு பல், கீறிய பச்சைமிளகாய் ஒன்று, இரண்டாம் பால் ஒரு கிண்ணம் ஆகியவற்றைச் சேர்த்து, வெங்காயம் கண்ணாடிபோல் ஆகும் வரை வேகவிடுங்கள்.

இனிதான் லோலோ. ஒரு பெரிய முற்றிய தேங்காயைத் துருவி, அரைக் கிண்ணத்துக்குச் சற்று அதிகமான வெதுவெதுப்பான நீர் விட்டுப் பிசைந்து, துணியில் இட்டு முறுக்கிப் பிழிந்தால் ஒரு கிண்ணம் அளவுக்கு முதற்பால் கிடைக்கும். அதே துருவலில் மீண்டும் நீர் விட்டுப் பிழிந்ததுதான் மேலே சொன்ன இரண்டாம் பால். தீயை மிகவும் தணித்து, முதற்பாலை ஊற்றி, உப்பிட்டு, ஓரங்களில் சிறு குமிழிகள் தோன்றத் தொடங்கியதும் இறக்கிவிடுங்கள். தளதளவென்று கொதிக்க விட்டால் பால் திரிந்து, எண்ணெய் தனியாகவும் திப்பி தனியாகவும் நிற்கும்.

தாளிப்பு வேண்டாம். இந்தக் கறியின் சுவை, இலையின் மண்வாசனையும் தேங்காயின் இனிப்பும் உப்பும் மட்டுமே. மஞ்சள்தூள்கூடத் தேவையில்லை.

பதில்: நாஞ்சில்நாட்டுக்காரன்

மேலே அன்பர் சொன்ன முறை நன்று. இலை வாங்குவதில் ஒரு செய்தியை மட்டும் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இது சுவையைவிட உடல்நலத்தைப் பொறுத்தது.

சேம்பு போலவே தோன்றும் செடிகள் பல உண்டு. தோட்டத்து ஓரத்தில் ஆள் உயரத்துக்கு வளர்ந்து நிற்கும் பெருஞ்சேம்பின் இலையும் இதய வடிவம்தான், ஆனால் அதன் இலை இந்தக் கறிக்கு உதவாது. சேப்பங்கிழங்குச் செடியில் காம்பு இலையின் பிளவில் வந்து சேராது. பிளவிலிருந்து சில விரற்கடை உள்ளே தள்ளி, இலையின் அடிப்புறத்தில் குடைக்குக் கம்பி பொருத்தியது போல ஒட்டியிருக்கும். மேற்புறத்திலிருந்து பார்த்தால், காம்பு ஒட்டிய இடத்தில் ஒரு வெளிர்புள்ளியோ ஊதா நிறப் புள்ளியோ பெரும்பாலும் தெரியும். பெருஞ்சேம்பிலும், டாலோ நி தானா என்று பிஜியில் சொல்லப்படும் அமெரிக்கச் சேம்பிலும், காம்பு நேராகப் பிளவிலேயே வந்து முடியும். சந்தையில் விற்பவர்கள் கலந்து தருவதில்லை. யாரேனும் அன்பாகத் தோட்டத்திலிருந்து பறித்துத் தரும்போதுதான் பார்த்து வாங்க வேண்டும்.

தாளிப்பைப் பொறுத்தவரை எனக்குக் கொஞ்சம் மாறுபட்ட கருத்து. எங்கள் ஊர்ப் பக்கத்தில் சேம்பின் இளந்தண்டையும் இலையையும் புளி விட்டு வேகவைத்துத் தேங்காய் அரைத்துச் சேர்ப்பதுண்டு. புளி இல்லாமல் சேம்பை அடுப்பில் ஏற்றுவதை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஒப்பமாட்டார்கள். ஆகவே வேகவைக்கும் நீரில் நெல்லிக்காய் அளவு புளியாவது கரைத்து விடுங்கள் என்பேன். கடைசியில் தேங்காயெண்ணெயில் நான்கு கடுகு வெடிக்க விட்டால் யார் வேண்டாம் என்று சொல்லப் போகிறார்கள்?

பதில்: யாழ் சமையல்

புளியையும் பாலையும் ஒன்றாகச் சேர்க்கும்போது கவனம் தேவை, ஐயா. நாங்கள் சொதி என்னும் தேங்காய்ப்பால் குழம்பு வைக்கும்போது, கப்பிப்பாலில், அதாவது பிற்பாடு பிழியும் தண்ணீர்ப்பாலில், காய்களை அவியவிட்டு, முதற்பாலைக் கடைசியில் விட்டு, அது நுரைத்து வரும் தறுவாயில் இறக்கி, சூடு சற்று ஆறிய பிறகே தேசிப்புளி, அதாவது எலுமிச்சைச் சாறு, விடுவோம். அடுப்பிலிருக்கும் பாலில் புளி விட்டால் அது உடனே திரைந்துவிடும். ரோரோவுக்கும் அதே ஒழுங்கைப் பின்பற்றலாம் என்று நினைக்கிறேன். புளிப்பு வேண்டுவோர் தம் தட்டில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்துகொள்ளட்டும்.

பதில்: வேதியியல் ஆசிரியர்

நமைச்சலைப் பற்றியும் பால் திரிவதைப் பற்றியும் காரணத்தோடு சொன்னால் சகோதரிக்குச் சமைக்கும்போது தாமே முடிவெடுக்க எளிதாக இருக்கும்.

சேம்பின் இலை, தண்டு, கிழங்கு மூன்றிலும் கால்சியம் ஆக்சலேட் என்னும் பொருள், நுண்ணோக்கியில் மட்டுமே தெரியும் ஊசி வடிவப் படிகங்களாகக் கட்டுக் கட்டாக இருக்கிறது. பச்சையாகவோ அரைவேக்காடாகவோ தின்றால் அந்த ஊசிகள் நாக்கிலும் தொண்டையிலும் குத்துகின்றன. அந்த ஊசிகளோடு ஒட்டியிருக்கும் ஒரு வகைப் புரதம் குத்திய இடத்தில் எரிச்சலைப் பெருக்குகிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கால்சியம் ஆக்சலேட் நீரில் கரையாத பொருள். ஆகையால் வெறுமனே ஊறவைப்பதால் ஊசிகள் நீங்கிவிடுவதில்லை. நெடுநேரம் கொதிக்கும்போது அந்தப் புரதம் செயலிழந்து, இலைத் திசுவும் குழைந்துபோவதால்தான் நமைச்சல் அடங்குகிறது. நேரமே முக்கியம் என்று முதல் பதிலளித்தவர் சொன்னது இதனால்தான்.

நீரை வடிப்பதற்கு வேறொரு காரணம் உண்டு. இலையில் நீரில் கரையும் ஆக்சலேட்டும் இருக்கிறது; அது வடிநீரோடு போய்விடும். சிறுநீரகக் கல் வந்தவர்கள் இத்தகைய இலைகளை அளவோடு உண்ண வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்வது அதைக் கருதித்தான். விருந்தினரில் அப்படி யாரேனும் இருந்தால் கட்டாயம் வடித்துவிடுங்கள். வடிநீரோடு வைட்டமின் சி, ஃபோலேட் ஆகியவற்றில் ஒரு பங்கு போய்விடுவது உண்மையே என்றாலும், வைட்டமின் ஏ-யாக உடலில் மாறும் பீட்டா கரோட்டின் நீரில் கரையாதது. அது இலையிலேயே தங்கும், தேங்காய்ப்பாலின் கொழுப்போடு சேரும்போது உடலும் அதை நன்றாக ஏற்கும்.

புளிக்கு நமைச்சலைத் தணிக்கும் ஆற்றல் உண்டு என்பது நம் சமையலறைகளில் நீண்டகாலமாக நிலைத்த நம்பிக்கை. வேகவைக்கும் நீரில் சிறிது சேர்ப்பதால் கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் அதை நம்பி வேகும் நேரத்தைக் குறைக்கக் கூடாது. ஆப்பச்சோடா சேர்த்தால் இலை விரைவில் குழையும், நிறமும் நிற்கும் என்று சிலர் சொல்வார்கள். கூழாகிச் சோப்பு வாடை அடிக்கும் அந்தக் கறியை நான் யாருக்கும் பரிந்துரைக்கமாட்டேன்.

பாலுக்கு வருகிறேன். தேங்காய்ப்பால் என்பது கொழுப்புத் துளிகள் நீரில் மிதக்கும் கலவை. தேங்காயின் புரதங்கள் அத்துளிகளைச் சுற்றிப் போர்வைபோல் படிந்து, ஒன்றோடொன்று சேராமல் காக்கின்றன. ஏறத்தாழ 80 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது அந்தப் புரதங்கள் உறையத் தொடங்குகின்றன. அதற்கு மேல் தளதளவென்று கொதிக்கவும் செய்தால் துளிகள் மோதி இணைந்து எண்ணெயாக மேலே வந்துவிடும். புளிப்பு இந்தச் சிதைவை விரைவுபடுத்துகிறது. டின்னில் வரும் தேங்காய்ப்பால் பெரும்பாலும் திரியாமல் தாக்குப்பிடிப்பதற்கு, அதில் சேர்க்கப்படும் பசைப்பொருள்களும் பால்மமாக்கிகளும் காரணம்.

பதில்: நாந்தி நகரத்தான்

வணக்கம். நான் பிஜியிலேயே பிறந்து வளர்ந்தவன். தமிழ்நாட்டைச் சேர்ந்த என் மனைவி நான் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்கிறார்; அவ்வப்போது தம் கருத்தையும் நுழைத்துவிடுவார், அதையும் என் கணக்கிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

தாளிப்பைப் பற்றிய வழக்குக்கு இங்கே நூறாண்டுக்கு முன்பே ஒரு தீர்வு கண்டுவிட்டார்கள். 1879 முதல் ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்கள் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். 1903 முதல் சென்னைத் துறைமுகம் வழியாகத் தமிழர், தெலுங்கர், மலையாளிகளும் வந்தார்கள். 1926-இல் தோன்றிய தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் அவர்களுடைய வழித்தோன்றல்களின் அமைப்புதான். இன்றும் பள்ளிகளையும் கோயில்களையும் நடத்தி வருகிறது. தோட்டத்துக் கூலிகளின் வரிசைக் குடியிருப்புகளில் அரிசியும் பருப்பும் பங்கீடாகக் கிடைத்தாலும், கீரைக்குச் சுற்றியிருந்த மண்ணைத்தான் நம்ப வேண்டியிருந்தது. சேம்பிலை நம்மவர்களுக்கு ஊரிலேயே பழகிய பொருள்.

எனவே இந்திய வம்சாவளியினர் வீடுகளில் ரோரோ வேறு விதமாக வேகிறது. எண்ணெயில் கடுகோ சீரகமோ வெடிக்கவிட்டு, காய்ந்த மிளகாயும் பூண்டும் வதக்கி, இலையைப் போட்டு, நீர் வற்றித் திரளும் வரை கிண்டி, எலுமிச்சை அல்லது புளி சேர்த்து இறக்குவோம். ரொட்டிக்கும் சோற்றுக்கும் அது பொருந்தும். இதே இலையில் அரைத்த பருப்பு மசாலாவைத் தடவி அடுக்கிச் சுருட்டி, ஆவியில் வேகவைத்து, வட்டமாக அரிந்து பொரித்தால் அது சைனா என்னும் பலகாரம். இவ்விரண்டையும் பூர்வகுடி நண்பர்களும் விரும்பி உண்கிறார்கள், தங்கள் வீட்டிலும் செய்கிறார்கள். நாஞ்சில்நாட்டு அன்பர் கேட்கும் கடுகுக்கு உரிய இடம் அந்தப் பாத்திரம். லோலோ ஊற்றிய ரோரோவில் கடுகு போட்டால் யாரும் வேண்டாமென்று சொல்லமாட்டார்கள்தான். ஆனால் சகோதரி கேட்டது அவர்களுடைய முறையை.

அடுத்து, பாலுசாமி. பெயரைக் கேட்டதும் யாரோ ஒரு பாலுச்சாமி என்று நம்மவர்கள் சிரிப்பதுண்டு. இது சமோவாவிலிருந்து வந்த பதார்த்தம். இப்போது லோவோ எனப்படும் மண்ணடுப்பு விருந்து இது இல்லாமல் நிறைவு பெறாது. குழி தோண்டி, விறகு எரித்துக் கற்களைப் பழுக்கக் காய்ச்சி, அவற்றின் மேல் கிழங்கு, மீன், இறைச்சி, பாலுசாமிப் பொட்டலங்கள் ஆகியவற்றை அடுக்கி, இலைகளாலும் ஈரச் சாக்காலும் மண்ணாலும் மூடி, இரண்டு மூன்று மணி நேரம் விட்டுவைப்பார்கள். உங்கள் வீட்டு முற்றத்தைத் தோண்ட வேண்டியதில்லை; இட்லிப் பானையோ ஓவனோ போதும்.

ஒரு பொட்டலத்துக்கு நான்கைந்து இலைகள் வேண்டும். பெரிய இலையை அடியிலும், அதன்மேல் திசை மாற்றி மாற்றிச் சிறிய இலைகளையும் அடுக்கி, இடக்கையைக் குழித்து அதில் அந்த அடுக்கைக் கிண்ணம்போல் அமர்த்துங்கள். பொடியாக அரிந்த வெங்காயமும் தக்காளியும் இரண்டு கரண்டி, உப்பு, விரும்பினால் ஒரு துண்டு மிளகாய் ஆகியவற்றைப் போட்டு, கெட்டியான முதற்பாலை அரைக் கிண்ணம் ஊற்றி, நாற்புறமும் இலை ஓரங்களைக் கூட்டிப் பிடித்து முடிச்சாக்குங்கள். அதைத் தணலில் வாட்டிய வாழையிலையில் வைத்துக் கட்டிவிட வேண்டும். இப்போது பலரும் அலுமினியத் தாளைத்தான் பயன்படுத்துகிறார்கள். வாழையிலையின் மணம் அதில் வராது என்றாலும் ஒழுகாமல் இருப்பதில் தாளுக்கே வெற்றி. உள்ளே வாழையிலை, வெளியே தாள் என்று இரண்டையும் சேர்ப்பது என் மனைவியின் ஏற்பாடு. ஆவியில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமலும், ஓவனில் 180 டிகிரியில் அதே அளவு நேரமும் வைத்தால் இலையும் பாலும் ஒன்றாகத் திரண்டு, கரண்டியால் வெட்டினால் துண்டாக வரும். கடைகளிலும் விடுதிகளிலும் கிடைக்கும் பாலுசாமியில் பெரும்பாலும் டின் மாட்டிறைச்சி இருக்கும். வெளியில் உண்ணும்போது கேட்டு உண்ணுங்கள்.

பதில்: சென்னை வாசகி

இங்கே சேம்பிலை எளிதில் கிடைப்பதில்லை. வேறு எந்தக் கீரையில் இதைச் செய்து பார்க்கலாம்?

பதில்: அடுக்களைக் குறிப்புகள்

பசலையில் செய்யலாம், அம்மா. பிஜியிலேயே பேலே என்றொரு கீரை உண்டு. வெண்டைக்காய்க்கு உறவான செடியின் இலை அது. சற்று வழவழப்பாக இருக்கும், நமைச்சல் அறவே கிடையாது. அதையும் இதேபோல் லோலோவில் சமைப்பார்கள். மோதா என்ற பெயரில் தண்டுக்கீரை வகையும் அங்கே சந்தைக்கு வருகிறது. இவற்றையெல்லாம் ஐந்தாறு நிமிடம் வேகவைத்தாலே போதும். ரோரோவின் கணக்கை இவற்றுக்கு வைத்தால் கீரை கரைந்துவிடும். ரோரோவின் அடர்த்தி பசலையில் வராது என்பதால் பாலைச் சற்றுக் குறைத்து ஊற்றுங்கள்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி: சுவாவாசி

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. புளியைத் தட்டின் ஓரத்து எலுமிச்சையாக மாற்றிக்கொள்கிறேன், கடுகை நம் பொரியலோடு நிறுத்திக்கொள்கிறேன். ஆனால் ஒரு முரண்பாடு புலப்படுகிறது. ரோரோவில் பாலைக் கொதிக்கவிடாதே என்கிறீர்கள். பாலுசாமியிலோ அதே முதற்பாலை இலைக்குள் அடைத்து ஒரு மணி நேரம் வேகவைக்கச் சொல்கிறீர்கள். அங்கே பால் திரியாதா? இன்னொன்று, வேலை நெருக்கடியில் டின் பாலைப் பயன்படுத்தினால் பக்கத்து வீட்டு அம்மாள் கண்டுபிடித்துவிடுவாரா? டாலோவையும் உடன் வைக்க வேண்டும் என்பதால் அதைப் பற்றியும் யாரேனும் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: வேதியியல் ஆசிரியர்

நல்ல கேள்வி. பாலுசாமியிலும் பாலின் புரதம் உறையத்தான் செய்கிறது. அங்கே நமக்கு வேண்டியதே அந்த உறைவுதான். பொட்டலத்துக்குள் பால் கிளறப்படுவதில்லை, குமிழியிட்டுப் புரள்வதுமில்லை. ஆகவே அது இருந்த இடத்திலேயே மெதுவாகக் கெட்டிப்படுகிறது. பிரியும் கொஞ்சம் எண்ணெயையும் சுற்றியுள்ள நான்கைந்து இலைகள் உறிஞ்சிக்கொள்கின்றன. திறந்த பாத்திரத்திலோ பிரிந்த எண்ணெய் போக இடமில்லாமல் மேலே மிதக்கும், திப்பி நீரில் அலையும். இதிலிருந்து இரண்டு நடைமுறைகள் பெறலாம். பாலுசாமிக்கு நீர் கலக்காத, மிகக் கெட்டியான பாலே தேவை. இரண்டாம் பால் ஊற்றினால் உறையாமல் ஒழுகும். மற்றொன்று, வெந்த பொட்டலத்தை உடனே பிரிக்காமல் பத்து நிமிடம் ஆறவிட்டால் நன்றாகத் திரண்டு நிற்கும்.

பொட்டலத்துக்குள் நீரை வடிக்க வழியில்லை என்பதையும் மறக்க வேண்டாம். அதற்கு மிக இளம் இலைகளையே எடுங்கள். சந்தேகமாக இருந்தால் இலைகளைக் கொதிநீரில் சில நிமிடம் முக்கியெடுத்து, பிறகு அடுக்குங்கள், மடிப்பதும் எளிதாகும்.

பதில்: நாந்தி நகரத்தான்

டின் பாலைப் பாலுசாமிக்குள் வைத்தால் கண்டுபிடிப்பது கடினம். நானே பல வேளைகளில் அதைத்தான் ஊற்றுகிறேன். ரோரோவில் கண்டுபிடித்துவிடுவார். புதிதாகப் பிழிந்த பாலில் உள்ள இனிப்பும் மணமும் டின்னில் இல்லை. ஆகவே ஒரு தேங்காயைத் துருவி ரோரோவுக்கு வைத்துக்கொள்ளுங்கள், டின்னைப் பொட்டலங்களுக்கு ஒதுக்குங்கள். டின்னைத் திறப்பதற்கு முன் குலுக்காமல் மேலே திரண்டிருக்கும் கெட்டிப் பகுதியை மட்டும் எடுத்தால் இன்னும் நல்லது.

டாலோவைப் பொறுத்தவரை, ஊரில் நாம் பார்த்த சிறு சேப்பங்கிழங்கை மனத்தில் வைத்துக்கொண்டு வாங்கச் செல்லாதீர்கள். இனம் ஒன்றுதான் என்றாலும் இங்கே ஒரு கிழங்கே ஒரு கிலோ எடை நிற்கும், வெந்தால் கொழகொழக்காமல் மாவாக உறுதியாக இருக்கும். 1993-இல் சமோவாவில் இலைக் கருகல் நோய் பரவி அங்கே சேம்புப் பயிர் ஏறத்தாழ அழிந்துபோன பிறகு, நியூசிலாந்து, ஆஸ்திரேலியச் சந்தைகளுக்குப் பிஜியே பெருமளவில் டாலோ அனுப்பத் தொடங்கியது. அந்த ஏற்றுமதியின் பெரும்பகுதி தவேயுனித் தீவின் எரிமலை மண்ணில் விளைவது. தவுசாலா என்ற இளஞ்சிவப்பு ரகம் அதில் பேர்பெற்றது. சுவாவில் அது கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

தோலைத் தடிப்பாகச் சீவி, இரண்டு விரல் கனத் துண்டுகளாக அரிந்து, உப்பு நீரில் அரை மணி நேரத்துக்கு மேல் வேகவையுங்கள். கத்தி தடையின்றி இறங்க வேண்டும். இதிலும் அரைவேக்காடு தொண்டையைப் பதம் பார்க்கும். ஞாயிறு காலையில் பாலுசாமிப் பொட்டலங்களை முதலில் ஏற்றிவிட்டு, அவை வேகும் நேரத்தில் ரோரோ இலையை வேகவைத்து வடித்து வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் தேவாலயத்திலிருந்து திரும்பும் சத்தம் கேட்டதும் டாலோவை அடுப்பில் ஏற்றலாம், ஆறினால் அது கட்டையாகிவிடும். லோலோவை மட்டும் அவர்கள் உங்கள் வீட்டுக்குள் வந்து அமர்ந்த பிறகு ஊற்றுங்கள். அந்த அம்மாள் அடுக்களைக்குள் வந்து கரண்டியை வாங்கிக்கொள்ள முயன்றால், கொடுத்துவிடுவதே உத்தமம் என்கிறார் என் மனைவி.